வீரத்துக்கு ஊர் பட்ட கடன்

பிறர் உயிரைக் காக்கத் தன்னுயிரைப் பணயம் வைத்த ஒருவரை ஓர் ஊர் பாராட்டும்போது, தான் அவருக்கு ஏதோ பரிசளிப்பதாக எண்ணிக்கொள்வது பிழை. ஊர் செய்திருக்க வேண்டிய காவலை, ஊர் அருகில் இல்லாத நேரத்தில், ஊரின் சார்பில் தனியொருவர் செய்து முடித்திருக்கிறார். அந்தக் கடனைப் பலர் அறிய ஒப்புக்கொள்வதற்கே பாராட்டு என்று பெயர். ஒப்புக்கொண்ட கடனைத் தீர்ப்பது அறம். ஆனால் ஒரு மேடை, ஒரு பொன்னாடை, மறுநாள் நாளிதழில் ஒரு நிழற்படம் ஆகியவற்றோடு அக்கடன் அடைந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. குடியரசு நாளும் விடுதலை நாளும் தவறாமல் வருகின்றன. பதக்கங்களும் தவறாமல் வழங்கப்படுகின்றன. பதக்கம் பெற்றவர் ஊர் திரும்பிய பிறகு அவ்வூரில் என்ன மாறியது என்று கேட்பவர் அரியர். அதைக் கேட்க வேண்டியது நம் கடமை என்று கருதுகிறோம்.

போற்றுதலை முறையாகச் செய்வது எப்படி என்பதை இந்த மண் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்வதிலிருந்து அதை நட்டு வழிபடுவது வரை உள்ள படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் நிற்கும் நடுகற்கள் பல, அரசர்களுக்காக எழுப்பப்பட்டவை அல்ல. ஊரின் ஆநிரையை மீட்கப் போய்த் திரும்பாத எளிய மனிதர்களுக்காக நடப்பட்டவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல், பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து நின்று மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நிறுத்தப்பட்ட அந்தக் கல்லில், அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், கள்ளன் ஒருவனைக் கடித்து அது காவல் காத்ததையும் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. செயலில் பங்குகொண்ட ஒரு நாயின் பெயர்கூட விடுபட்டுவிடக் கூடாது என்று கருதிய அந்த ஊராரின் நேர்மையை, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின் வாழும் நாம் வியப்பதோடு நில்லாமல் பின்பற்றவும் வேண்டும். அவர்கள் கல்லோடும் நின்றுவிடவில்லை. ஊருக்காக உயிர்விட்டவனின் குடும்பம் பிழைப்பதற்கென உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இன்னார், இன்ன ஆண்டில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்தார் என்ற தெளிவும், அவரை நம்பியிருந்தோர்க்கு நிலையான வாழ்வும் ஒருங்கே சேர்ந்ததே அக்காலத்து மரியாதை.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். 2020 ஆகஸ்டு 6 அன்று பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் நால்வர் ஆழத்தில் சிக்கித் தத்தளித்தார்கள். துணி துவைக்க வந்திருந்த சிற்றூர்ப் பெண்கள் மூவர் அங்கே இருந்தனர். ஓடிப்போய் ஆள் அழைத்துவர அவகாசம் இல்லை. கையில் கருவி ஏதும் இல்லை. மூவரும் தாங்கள் உடுத்தியிருந்த புடவைகளைக் களைந்து நீரில் வீசினார்கள். இருவர் அவற்றைப் பற்றிக்கொண்டு கரையேறினர். மற்ற இருவரை நீர் கொண்டுபோய்விட்டது. பெண்ணின் உடையைக் குறித்து நம் சிற்றூர்கள் விதித்திருக்கும் கட்டுப்பாடுகளையும், அவற்றை மீறியவள் காலமெல்லாம் கேட்க நேரும் சொற்களையும் அறிந்தவர்களுக்கே அந்த ஒரு நொடி முடிவின் எடை விளங்கும். முன்பின் அறியாத ஆடவரின் உயிருக்கு முன்னால் அந்தக் கட்டுப்பாடுகள் ஒரு பொருட்டே இல்லை என்று மூன்று பெண்கள், யாரையும் கேட்காமல், ஒருவரையொருவர் பார்த்துக் காத்திராமல், தீர்மானித்தார்கள். படித்தவர் அவைகளில் ஆண்டுக்கணக்கில் பேசியும் தீராத ஒரு கேள்விக்கு அவர்கள் செயலால் விடை சொன்னதாகவே நாம் கொள்கிறோம்.

தமிழக அரசு தாமதிக்கவில்லை. ஒன்பதே நாள்களில், விடுதலை நாள் விழாவில், துணிவுக்கும் சாகசச் செயலுக்குமான கல்பனா சாவ்லா விருது அம்மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. 2003-இல் விண்ணில் மாண்ட வீராங்கனையின் பெயரால் அமைந்த விருது, நீர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த கைகளுக்குச் சென்று சேர்ந்தது, அவ்விருதின் வரலாற்றிலேயே மிகப் பொருத்தமான நிகழ்வுகளுள் ஒன்று. அரசை மனமாரப் பாராட்டலாம், பாராட்டுகிறோம்.

ஆயினும் கணக்கு அங்கே முடியவில்லை. புடவையை வீச நேர்ந்தது என்பதே, எட்டும் தூரத்தில் ஒரு கயிறு இல்லை என்பதற்குச் சான்று. நீர்த்தேக்கம் பொதுச்சொத்து, அதன் கரையில் மிதவையும் கயிறும் வைப்பதும், ஆழத்தைக் காட்டும் பலகை நடுவதும், விடுமுறை நாள்களில் ஒரு காவலரை நிறுத்துவதும் எந்த அரசுக்கும் இயலாத செலவுகள் அல்ல. ஒவ்வொரு கோடையிலும் ஏரிகளிலும் கல்குவாரிக் குட்டைகளிலும் மாணவர்கள் மூழ்கி இறக்கும் செய்தியை நாம் அச்சிடாத ஆண்டு இல்லை. துணிந்து குதித்தவருக்குப் பதக்கம் அணிவிக்கும் கை, அவர் குதிக்க நேர்ந்ததற்கான காரணத்தை ஆராய்ந்து நீக்கும் கையாகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல் நம் புறக்கணிப்பால் விளைந்த இடரை ஒரு குடிமகள் தன் மானத்தையும் உயிரையும் கொடுத்து ஈடுகட்ட, அதை விழாவெடுத்துக் கொண்டாடியவர்களாக நாம் ஆவோம். வீரச்செயலுக்கான ஒவ்வொரு விருதோடும், அந்த இடத்தில் இனி அத்தகைய இடர் நேராதிருக்கச் செய்தவை எவை என்ற அறிக்கையையும் மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

தனியொருவர் செய்த வீரத்தையாவது போற்ற நமக்கு ஒரு முறை இருக்கிறது. ஊரே சேர்ந்து செய்த தொண்டின் முன் நம் விருதுமுறை திகைத்து நின்றுவிடுகிறது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவுத் தொடர்வண்டி நின்றுபோனது. அதில் இருந்த ஏறத்தாழ 800 பயணிகளில் பெரும்பாலோர் வெளியேற வழியின்றித் தவித்தபோது, தாங்களே வெள்ளத்தின் நடுவில் இருந்த புதுக்குடி ஊரார் தங்கள் வீட்டு அரிசியையும் காய்கறியையும் திரட்டிச் சமைத்து அவர்களுக்கு உணவிட்டார்கள். யார் கழுத்தில் பதக்கத்தை அணிவிப்பது? உலை வைத்தவருக்கா, அரிசி கொடுத்தவருக்கா, நீரில் இறங்கிச் சுமந்து சென்றவருக்கா?

இதற்கு ஒரு விடை முன்பே கிடைத்திருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் பயணம் செய்த ஹெலிகாப்டர் வீழ்ந்து எரிந்தபோது, முதலில் ஓடியவர்கள் அக்குடியிருப்பின் உழைக்கும் மக்கள். குடங்களில் நீர் கொண்டுபோனார்கள். காயமுற்றோரைத் தூக்க, அந்த மலைக்குளிரில் தாங்கள் போர்த்தியிருந்த கம்பளிகளையும் போர்வைகளையும் கொடுத்தார்கள். சில நாள்களில் அங்கே வந்த இராணுவ உயரதிகாரிகள் நன்றி கூறியதோடு, ஓராண்டுக்கு அந்த ஊரைத் தத்தெடுப்பதாகவும், மாதந்தோறும் மருத்துவரும் செவிலியரும் வந்து மக்களைப் பார்ப்பர் என்றும் அறிவித்தனர். காவல்துறை கம்பளிகள் வழங்கியது. கொடுத்தவர்களுக்கு அவர்கள் கொடுத்த பொருளே திரும்பியது. அவர்களுக்கு எட்டாதிருந்த மருத்துவமும் வாசலுக்கு வந்தது. ஓராண்டு என்ற வரம்பு நமக்கு நிறைவு தரவில்லை. எனினும் ஓர் ஊரை ஊராகவே போற்றும் முறைக்கு இதுவே தக்க முன்மாதிரி. புதுக்குடிக்கும் அவ்வாறே ஏதேனும் நிலையாகச் செய்யப்பட வேண்டும்.

தொண்டுக்கு விலை வைப்பது தொண்டைக் கெடுக்கும் என்ற மறுப்பு எழக்கூடும். 2018 வெள்ளத்தில் 65,000-க்கும் மேற்பட்டோரைத் தம் படகுகளில் மீட்டெடுத்த கேரள மீனவர்களுக்கு, படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, உடன்பிறந்தாரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று அவர்களிடையிலிருந்தே குரல் எழுந்தது. ஆனால் பாறையிலும் மதிலிலும் மோதி உடைந்த படகுகளைச் செப்பனிட்டுத் தருவதை அதே குரல் வரவேற்றது. கூலிக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக வகுக்க நம்மால் இயலாது.

விண்ணப்பம் பற்றியும் ஒரு சொல். அரசு விருதுகளுக்கு ஆண்டுதோறும் விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. சான்றுகளும் நாளிதழ் நறுக்குகளும் இணைக்கப்பட வேண்டும். நிர்வாகத்துக்கு இது தேவையாக இருக்கலாம். ஆயினும் உயிரைக் காத்தவர் அதை மெய்ப்பித்து மனுச்செய்ய வேண்டும் என்னும் நிலை, அவரையும் தாழ்த்துகிறது, நம்மையும் தாழ்த்துகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவரும் இணையம் அறிந்தவரும் முந்திக்கொள்ள, உண்மையில் செய்தவர் பின்தங்குவதற்கும் அது வழிவகுக்கிறது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. ஊரில் நடந்த வீரச்செயலையும் தொண்டையும் கண்டவர்கள் அங்கேயே எழுந்து சொல்ல, தீர்மானப் புத்தகத்தில் பெயரோடும் நாளோடும் அது பதியப்பட்டு, அப்பதிவே மாவட்ட ஆட்சியருக்குப் பரிந்துரையாகச் செல்லலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.

நாம் போற்றத் தவறிய ஒரு வீரம் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிகளில் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்கித் தூய்மை செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் சாவுகள் நிற்கவில்லை. அச்செய்திகளைக் கூர்ந்து படிப்பவர்க்கு ஒன்று புலப்படும். முதலில் இறங்கியவர் நச்சுக்காற்றில் மயங்கி விழுகிறார். மேலே நின்றவர் அவரைத் தூக்க இறங்குகிறார். அவரும் மேலே வருவதில்லை. கீழே இருப்பது சாவு என்று கண்ணெதிரே கண்டபின்னும் இறங்கிய அந்த இரண்டாமவரை நம் ஆவணங்கள் இறந்தோர் எண்ணிக்கையில் ஒருவராகச் சேர்த்துவிட்டுக் கடந்துபோகின்றன. பிறர் உயிரைக் காக்க முயன்று மாண்டவர்களுக்கும் வழங்குவதற்கென்றே 1961 முதல் நடுவண் அரசின் உயிர்காப்புப் பதக்கங்கள் இருக்கின்றன. வரும் குடியரசு நாளுக்கான பட்டியலை அனுப்புமுன், மாவட்ட ஆட்சியர்கள் தத்தம் மாவட்டத்தில் நேர்ந்த இத்தகைய சாவுகளின் கோப்புகளை வரவழைத்துப் படிக்கட்டும். இரண்டாவதாக இறங்கியவர் யார் என்று அவற்றில் எழுதப்பட்டிராவிட்டால், அன்று உடன் நின்ற தொழிலாளர்களைக் கேட்டு எழுதட்டும். அந்தப் பெயர்களை முதலில் வைத்துப் பட்டியல் புறப்படட்டும்.