உயிரோடு இருந்ததால் விடுதலை

கொடூரக் கொலை நடந்தால் ‘தூக்கில் போடு’ என்ற குரல் எழுவது இயல்பு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிக் கேட்டால், அவரிடம் சட்ட நுணுக்கம் பேச யாருக்கும் வாய் வராது. அதே கோபத்துக்குக் காவல் துறையும் நீதிமன்றமும் ஆட்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் நாசிக் வழக்கு ஒன்றே போதும்.

2003-ல் ஒரு கொய்யாத் தோப்பில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். உயிர் தப்பிய பெண், போலீஸார் காட்டிய புகைப்படங்களிலிருந்து நால்வரை அடையாளம் காட்டினார். அந்த நால்வரை விட்டுவிட்டு, நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த வேறு ஆறு பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்ததையும் ஏற்காமல், 2009-ல் உச்ச நீதிமன்றம் அனைவருக்கும் மரண தண்டனை என்றது. 2019-ல் அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே சீராய்ந்து, ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவர்களில் ஒருவர் கொலை நடந்தபோது சிறுவர். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அரசு சற்று வேகம் காட்டியிருந்தால், அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டே 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது உச்ச நீதிமன்றம். மீதி எழுவரில் ஒருவரான பேரறிவாளனுக்குத் தூக்கு 2011 செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தாயிற்று. வெடிகுண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு பேட்டரிகளை எதற்கென்று தெரியாமலே வாங்கிக் கொடுத்ததாக அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரியே 2013-ல் ஒப்புக்கொண்டார். சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்திராவிட்டால், அந்த ஒப்புதலால் யாருக்கு என்ன பயன்?

சட்ட ஆணையம் 2015-ல் மரண தண்டனையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. பயங்கரவாதம், நாட்டின் மீது போர் தொடுத்தல் ஆகிய வழக்குகளுக்கு மட்டும் விலக்கு வைத்தது. அந்த விலக்கு நமக்கு ஏற்புடையதல்ல. ஊரே கொந்தளித்து நிற்கும் வழக்குகளில்தான் விசாரணை அதிகம் தடுமாறுகிறது.

குற்றவாளி வெளியே வந்துவிடுவானே என்ற அச்சத்துக்கும் விடை இருக்கிறது. தண்டனைக் குறைப்பே இல்லாமல் குறிப்பிட்ட ஆண்டுகளோ ஆயுள் முழுவதுமோ சிறையில் வைக்க உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் 2008 தீர்ப்பு தொட்டு வழி உண்டு. அதில் தவறு தெரிந்தால் கதவைத் திறந்துவிடலாம்.

ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்தை மாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டுவந்த பாரதிய நியாய சம்ஹிதாவிலும் கொலைக்குத் தூக்கு அப்படியே இருக்கிறது. அந்தப் பிரிவை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். அதுவரை, குடியரசுத் தலைவர் முன் வரும் ஒவ்வொரு கருணை மனுவிலும் தூக்கை ஆயுளாகக் குறைக்குமாறு மத்திய அரசு பரிந்துரைக்கட்டும்.