காசநோயைக் காட்டும் கருவி யாருக்குச் சொந்தம்?

கறம்பக்குடிப் பக்கம் நடவுக்குப் போகும் பெண் ஒருத்திக்கு இரண்டு வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி உருப்பெருக்கியில் மட்டும் பார்த்தால் போதுமா? ஒரு மில்லி லிட்டர் சளியில் சுமார் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அதில் தெரியும். குறைந்தால், "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் கூலியையும் இழந்து, நோயையும் சுமந்துகொண்டு அவள் வீடு திரும்புவாள்.

இப்போது விஞ்ஞானிகள் உயிர் உணர்விகள் என்ற சிறு கருவிகளைச் செய்ய முயன்று வருகிறார்கள். கிருமியின் மரபணுத் துண்டையோ புரதத்தையோ பற்றிக்கொள்ளும் பொருளைத் தகட்டில் பதிக்கிறார்கள். கிருமியின் துண்டு வந்து ஒட்டியதும் மின்சாரத்திலோ ஒளியிலோ மாறுதல் தெரியும். நோயாளி பெஞ்சை விட்டு எழுவதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். வரவேற்கிறோம். ஆனால் அது யாருக்குச் சொந்தமாகப் போகிறது?

காரணமில்லாமல் கேட்கவில்லை. 2010-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தை ஏற்றது. கிருமி உண்டா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது மசியுமா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். அருமையான இயந்திரம்தான். அதை உருவாக்க 25 கோடி டாலருக்கு மேல் பொதுப் பணம் போயிற்று என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சொந்தக்காரரோ அமெரிக்காவின் டானஹர் கம்பெனி! ஏழை நாடுகளுக்கே ஒரு சோதனைக் குப்பி 9.98 டாலர். 5 டாலருக்கு விற்றாலும் நஷ்டமில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கணக்கை எடுத்து வைத்துப் போராடியது. பல நாடுகளில் கூக்குரல் எழுந்த பிறகு, 2023 செப்டம்பரில் 7.97 டாலருக்கு இறங்கினார்கள்.

"ஆராய்ச்சிக்குச் செலவழித்தவன் லாபம் பார்க்க வேண்டாமா?" என்கிறார்கள் சில கனவான்கள். செலவழித்தவர்கள் யார், ஐயா? மேலே சொன்னோமே!

நம் சென்னையைப் பாருங்கள். 1956-ல் அங்கே பொதுப் பணத்தில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சானடோரியத்தில் படுத்தவரும், நெரிசலான குடியிருப்பில் இருந்தபடியே மருந்து தின்றவரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள் என்று 1959-ல் அந்த நிலையம் காட்டியது. அந்த உண்மைக்கு யாரும் பேட்டண்ட் வாங்கவில்லை. உலகமே எடுத்துக்கொண்டது.

2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் டில்லியில் முழங்கினார்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர் என்பதே இன்றைய நிலை.

ஆகவே சர்க்காரிடம் கேட்கிறோம்: பொதுப் பணத்தில் பிறக்கும் உணர்வியைப் பொதுச் சொத்தாக அறிவியுங்கள். அடக்க விலையை ஊரறியச் சொல்லுங்கள். கறம்பக்குடி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஆலை வாசல்களிலும் முதலில் வையுங்கள். பரிசோதனைக்கு வருகிறவருக்கு அன்றைய கூலியையும் கொடுங்கள்.