பனி நாட்டில் நமக்கென்ன வேலை?



மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். கோயிலை அலை அரிக்காமல் இருக்கப் பெரிய பெரிய பாறைகளைப் போட்டிருக்கிறார்களே, கவனித்தீர்களா? உலகெங்கும் கடல் மட்டம் மெல்ல உயர்ந்து வருகிறது. இப்படிப்பட்ட மாற்றங்களை ஆராய நம் விஞ்ஞானிகள் எங்கே போகிறார்கள் தெரியுமா? வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோ மீட்டர் தூரத்தில், நார்வே நாட்டு ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள நை-அலசுண்டு என்னும் ஊருக்கு!

அங்கே 2008 ஜூலை 1-ஆம் தேதி இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. காற்றில் மிதக்கும் கரித்துகள்களை நம்மவர்கள் அளக்கிறார்கள். பக்கத்து மலையில் நார்வேயின் ஆய்வகம் கரியமில வாயு, மீத்தேன் அளவுகளைக் குறிக்கிறது. 2014-இல், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் உழைப்பில் உருவான ஒரு கருவித் தொகுதி அங்குள்ள கடலுக்குள் இறக்கப்பட்டது. 2023 டிசம்பர் முதல், சூரியனே உதிக்காத குளிர்காலத்திலும் நம்மவர்கள் அங்கே தங்கத் தொடங்கினர்.

"எங்கோ இருக்கும் பனிக்கட்டிக்கு நம் பணமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், செலவு வீணில்லை என்பதே என் கருத்து.

சூடாகக் காப்பி குடித்தவுடன் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் சரியான அளவு காட்டுமா? காட்டாது. அதுபோல, செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரம் வைக்கும் கருவி லாரிப் புகையைத்தான் சொல்லும். உலகத்துக்கே பொதுவான காற்றை அறிய, புகை குறைந்த இடம் வேண்டும்.

சுமார் 270 ஆண்டுகளுக்கு முன் காற்றில் 10 லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது வெப்பத்தைப் போர்வை போலப் பிடித்து வைக்கிறது. கிரீன்லாந்தில் நிலத்தின் மேல் உள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது. கடல்நீரும் சூடேறி விரிகிறது. அங்கே உருகினால், இங்கே மீனவர் குப்பத்து வாசலுக்குக் கடல் நெருங்கி வரும். காற்றுக்கும் கடலுக்கும் எல்லைக்கோடு கிடையாதே!

அதற்காக, துருவத்தில் மட்டும் அளந்தால் போதுமா? போதாது. 2007 முதல் 2011 வரை புதுச்சேரிக் கடற்கரையில் காற்றைக் குடுவைகளில் பிடித்து, அதிலுள்ள வாயுக்களை ஆராய்ந்தார்கள். அத்தகைய கருவிகள் நம் கடற்கரை நெடுகிலும் இடைவிடாமல் இயங்க வேண்டும். ஒரு நாள் கணக்கு எதையும் சொல்லாது. பல ஆண்டுக் கணக்குதான் பேசும்.

நீங்களும் தொடங்கலாமே! தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிழலில் வைத்த தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் குறியுங்கள். விடுமுறை நாளிலும் விட்டுவிடாதீர்கள்!