பச்சை டிக் என்கிற பொய்

இந்தத் தடவை கொஞ்சம் சூடான பதிவு. தங்கமணி பின்னாடி நின்னு படிக்கிறாங்க, அதனால வார்த்தையை அளந்துதான் எழுதணும் :-)

பொண்ணு பன்னிரண்டாவது வரைக்கும் இங்கே சந்தாபுராவிலேயே படிச்சவ. தமிழ்நாட்டுல கல்லூரியில சேர நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்டாங்க. வெளிமாநிலத்துல பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு அந்தக் காகிதத்தோட அருமை தெரியும். லீவு போட்டு, ஓசூர் ரோட்டு நெரிசலைத் தாண்டி, ஊருக்கு ரெண்டு தடவை அலைஞ்சு வாங்கினது. சேர்க்கைத் தளத்துல ஏத்தினோம். பச்சை டிக். 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது'. பத்து நாள் கழிச்சு மெயில்: சான்றிதழ் இணைக்கப்படவில்லை. முதல் சுற்று போச்சு, அவ ஆசைப்பட்ட பிரிவும் போச்சு.

ஹெல்ப்லைன்ல கேட்டா, "உங்க நெட் ஸ்லோவா இருந்திருக்கும் சார்."

சரி, இருக்கட்டும். அப்புறம் டிக் எதுக்குப் போட்டீங்க?

மேல்மாடியில ஒரு தம்பி, எலக்ட்ரானிக் சிட்டியில கோடு எழுதறவன். அதே பக்கத்தைத் திறந்து ஏதோ ஒரு ஜன்னலை இழுத்து வெச்சுக்கிட்டு மறுபடி ஃபைலை அனுப்பினான். சர்வர்கிட்டேருந்து 500-னு பதில். அதாவது 'என்னால முடியலை'. பக்கத்துல? அதே பச்சை டிக்! "அங்கிள், இது அசிங்க்ரனஸ் ரிக்வெஸ்ட். பதில் வர்றதுக்கு முன்னாடியே டிக் போட்டுட்டாங்க"ன்னான்.

நான் பி.காம். எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். பக்கம் ஃபைலை தூரத்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிட்டு அங்கேயே காத்து நிக்காம தன் வேலையைப் பார்க்கும், பதில் பின்னாடி வரும். 1999-ல மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல இந்த வசதியைக் கொண்டு வந்தது. 2004-ல ஜிமெயில் வந்தப்போ உலகமே வாயைப் பிளந்தது. 2005-ல ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இதுக்கு அஜாக்ஸ்னு பேர் வெச்சார். நல்ல கண்டுபிடிப்பு, சண்டை அதோட இல்லை.

சண்டை, வர்ற பதிலைப் படிக்காதவங்களோட. இப்போ பலரும் எழுதற ஃபெட்ச் கட்டளை, சர்வர் 404, 500-னு கையை விரிச்சாலும் அதைத் தோல்வியா எடுத்துக்காதாம். லைனே அறுந்தாத்தான் தோல்வி. பதில் எண்ணை எழுதறவர்தான் தனியாப் பார்க்கணும். 202-னு ஒண்ணு இருக்கு, 'வாங்கிக்கிட்டேன், இன்னும் முடிக்கலை'ன்னு அர்த்தம். அதுக்கும் டிக் போடற புண்ணியவான்கள் உண்டாம். சர்வர் பக்கமும் ஒழுங்கு வேணும். தற்காலிகப் பேர்ல எழுதி, அளவைச் சரிபார்த்து, அப்புறம் நிஜப் பேருக்கு மாத்தி, அதுக்கப்புறம்தான் 'ஆச்சு'ன்னு சொல்லணும்.

எங்க கவுண்டர்ல கேஷியர் பணத்தை எண்ணி டிராயர்ல வெச்ச பிறகுதான் கவுண்டர்ஃபாயில்ல சீல் குத்துவார். வாடிக்கையாளர் க்யூவுல நிக்கும்போதே குத்திட்டு, "சீக்கிரம் அனுப்பலாமேன்னுதான் சார்"னா, அன்னைக்கு சாயங்காலமே சஸ்பென்ஷன். இங்கே அதுக்கு 'ஆப்டிமிஸ்டிக் யூஐ'ன்னு ஒரு பேர்! ஃபேஸ்புக் லைக்குக்கு அது போதும், தப்பினா யாருக்கும் நஷ்டமில்லை. சான்றிதழுக்கும் அதேவா?

பேங்க்காரங்க யோக்கியமான்னு கேட்பீங்க. ஏடிஎம்ல கணக்குல கழிஞ்சு பணம் வராத கதையெல்லாம் நானே நிறைய பார்த்திருக்கேன். ஆனா 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. அஞ்சு நாளுக்குள்ள திருப்பிப் போடணும், தவறினா நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலேயே. அதுக்கப்புறம் எங்க ஆட்கள் ரீகன்சிலியேஷனை எவ்வளவு அக்கறையா பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியும். தொலைஞ்ச சான்றிதழுக்கு நாளுக்கு எவ்வளவு? ஒரு சீட்டுக்கு எவ்வளவு?

இப்போ எங்க வீட்டுல எதை ஏத்தினாலும் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், அதே ஃபைலை இறக்கித் திறந்து பார்க்கிறோம். பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து பக்கம் பக்கமா சரிபார்க்கிறா. ஸ்க்ரீன்ஷாட்டும் தேதியோட எடுத்து வைக்கிறா.

அந்தத் தளத்துக்கு மூணு புகார் அனுப்பினேன். மூணுக்கும் ஒரே பதில், 'வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது'. பக்கத்துல பச்சை டிக்.