பஞ்சும் பனியும்



மார்கழியில் நம் அரக்கோணத்தின் அதிகாலையை மூடுபனி சூழ்கிறது. உறைபனியோ இங்கு விழுவதில்லை. ஆயினும் கிறிஸ்து பிறப்பின் குடிலில் பஞ்சைப் பரப்பி, அதைப் பனி என்கிறோம். லூக்கா 2ஆம் அதிகாரத்தின் பிறப்புச் செய்தியில் பனி இல்லை. வயல்வெளியில் மந்தையைக் காத்த மேய்ப்பர்களும், துணிகளில் சுற்றப்பட்ட பாலகனும், முன்னணையுமே இருக்கின்றன.

இந்தக் கதையைச் சிறப்புக் கல்வி பெறும் சிறு பிள்ளைகளுக்கு எவ்விதம் கற்பிப்பது? "அவர்களுக்கு என்ன புரியும்?" என்று சொல்லி, ஒரு பரிசுப் பொட்டலத்தோடும் புகைப்படத்தோடும் கடமையை முடித்துக்கொள்வது போதாது என்பதே என் கருத்து. பரிசு அப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கதையோ முன்னணை வரை அழைத்துச் செல்கிறது.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில், காது கேளாத ஒருவனை ஆண்டவர் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்றார். அவன் காதுகளில் விரல்களை வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார். சொல் எட்டாத இடத்தில் அவருடைய கரம் பேசிற்று. அவருடைய வழியில்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. பொதுப் பள்ளிக்குச் சட்டம் சொல்வதை, ஞாயிறு பள்ளிக்கு அன்பு சொல்ல வேண்டாமா?

ஆகையால், திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் ஒரே கதையை, ஒரே வரிசையில் சொல்லுங்கள். வைக்கோலையும் கம்பளியையும் துணியையும் அவர்கள் கைகளில் கொடுங்கள். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பஞ்சைப் பனி என்பது குழப்பமே. 147ஆம் சங்கீதக்காரனும் பனியைப் பஞ்சுக்கு ஒப்பிடத்தான் செய்தான். நாமும் "பனி போல" என்று சொல்லி, குளிரை உணர்த்த ஒரு ஐஸ்கட்டியைத் தொடச் செய்வோம். பாடற்பவனியின் மேளச்சத்தம் தாங்காத பிள்ளைக்கு அமைதியான ஓர் இடத்தை ஒதுக்குவோம்.

நாடகத்திலும் அவர்களுக்கு இடம் உண்டு. யோசேப்பு பேசிய ஒரு வார்த்தையைக்கூட நான்கு சுவிசேஷங்களும் பதிவு செய்யவில்லை. அவன் கேட்டான், எழுந்தான், கீழ்ப்படிந்தான். பேச்சு வராத பிள்ளை இவ்வாண்டு நம் ஆலயத்தில் யோசேப்பாய் நிற்கட்டும்.

சிறியோரைத் தம்மிடம் வரவிட்ட ஆண்டவர், அவர்களுக்கு வழிவிடும் இருதயத்தை நமக்கும் தந்தருள்வாராக. ஆமென்.