ஏழைகளின் காணிக்கையும் நமது நத்தாரும்



திருவருகைக் காலத்தின் முதலாவது மெழுகுவர்த்தி ஆலயத்தில் ஏற்றப்படுவதற்கு முன்னரே நத்தார் நமது கடைவீதிகளுக்கு வந்துவிடுகின்றது. யாழ். நகரின் பெரியகடையிலும் நவீன சந்தையிலும் மின்குமிழ்கள் ஒளிர்கின்றன. மலிவு விற்பனை அறிவித்தல்கள் தொங்குகின்றன. சிவப்பு அங்கி அணிந்த நத்தார் தாத்தா வாசலில் நின்று சிறுவர்களை அழைக்கின்றார். பாலன் இயேசுவின் பெயரால் நடைபெறும் இந்த ஆரவாரத்தில் அவருக்குரிய இடம் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டியவர்களாய் நாம் இருக்கின்றோம்.

புத்தாடை அணிவதும் பலகாரம் சுடுவதும் பாவமல்ல. பெருநாள் மகிழ்ச்சிக்குரிய நாளே. மார்கழி மாத வியாபாரத்தை நம்பி வாழும் தையற்காரரும் சிறு கடைக்காரரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆனால் மகிழ்ச்சிக்காகச் செலவிட்ட காலம் போய், செலவிட முடியாதவனுக்கு மகிழ்ச்சியே இல்லை என்ற நிலை உருவாகும்போது திருச்சபை மௌனமாய் இருத்தல் தகாது.

நமது குடாநாட்டின் வாழ்க்கைச் சூழலைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாடைக் காற்று வீசும் மார்கழியில் கடல் கொந்தளிக்கின்றது. பல நாட்கள் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கின்றன. மழையினால் தோட்டக் கூலி வேலையும் மேசன் வேலையும் குறைகின்றன. நத்தார் முடிந்து ஒரு வாரத்திற்குள் புதுவருடம். அதன் பின்னே பிள்ளைகளின் கல்விச் செலவு. ஆக, பாஷையூரிலும் குருநகரிலும் நாவாந்துறையிலும் வாழும் எத்தனையோ கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வருமானம் குறைந்த காலத்திலேயே செலவு மிகுந்து நிற்கின்றது. இந்த இடைவெளியை நிரப்ப வருவது கடன். அல்லது மனைவியின் காதிலும் கழுத்திலும் உள்ளது அடைவு கடைக்குப் போகின்றது.

கடனின் கொடுமையை வடபகுதி மக்கள் நன்கு அறிவார்கள். 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கமே முன்வர நேர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, ஆவணி மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. கடற்றொழிலாளரின் முதுகை அது எவ்வாறு முறித்தது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தகைய மக்களிடம், கடன்பட்டேனும் நத்தாரைச் "சிறப்பாக"க் கொண்டாட வேண்டும் என்று சொல்வது யார்? கடைக்காரர் மட்டுமா? அயலவரின் பார்வையும், உறவினரின் பேச்சும், நமது ஆலய முற்றத்தில் நாம் ஒருவரையொருவர் மேலும் கீழும் நோக்குகின்ற நோக்கும் அல்லவா?

இங்கு புலம்பெயர்ந்த நமது உறவுகளையும் அன்போடு நினைவுகூருகின்றோம். குளிரிலும் பனியிலும் உழைத்து அவர்கள் அனுப்பிய பணம் இடர்மிகுந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தது. எனினும், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பொதிகள் ஒரு வீட்டில் பிரிக்கப்படும்போது, வேலிக்கு அப்பால் அதைப் பார்த்து நிற்கும் பிள்ளையும் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையே. ஒரே நற்கருணைப் பந்தியில் அமரும் இரு பிள்ளைகளிடையே நத்தார் ஒரு மதிலை எழுப்புமாயின், அது யாருடைய நத்தார்?

நமது மூதாதையர் கொண்டாடிய நத்தாரை நினைவில் கொள்வோம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருக்கள் இல்லாது தவித்த மக்களைத் தேடி 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரரின் கோலத்தில், கழுத்தில் செபமாலையுடன் இம்மண்ணுக்கு வந்தார். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடம் அளித்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஒரு நத்தார் இரவில், திருப்பலிக்காக இரகசியமாய்க் கூடியிருந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் ஒல்லாந்தப் படையினரால் கைதுசெய்யப்பட்டனர். அவர்களுள் தலையாயோர் வதைக்கப்பட்டனர். அலங்காரமும் விருந்தும் இல்லாத அந்த இரவில் திருப்பலி ஒன்றே அவர்களுக்கு நத்தாராக இருந்தது. அதற்காக அவர்கள் சிறைக்கும் அஞ்சவில்லை.

அண்மைக் காலத்தையும் நாம் மறந்துவிடலாகாது. மின்சாரமற்ற தொண்ணூறுகளில், ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கே நமது பாலன் குடில்களுக்கு ஒளி தந்தது. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்கள், 2017 ஆடி மாதத்தில் துறைமுகப் பகுதி விடுவிக்கப்படும் வரை, 27 ஆண்டுகள் சொந்த ஊருக்கு வெளியே நத்தாரைக் கண்டார்கள். 2004இல் நத்தார் திருப்பலி கண்ட மறுநாட் காலையில் கடல் எழுந்து மணற்காடு முதலான வடமராட்சி கிழக்குக் கிராமங்களை வாரிச் சென்றது. இத்தனைக்கும் பிறகு நத்தார் நம்மிடம் நிலைத்திருக்கின்றது. அதை வறுமையும் அழிக்கவில்லை, போரும் அழிக்கவில்லை. இன்று நாமே அதை விலைக்கு விற்றுவிடுவோமா?

பாலன் குடிலின் வரலாறும் நமக்குப் பாடம் புகட்டுகின்றது. 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சொரூபங்கள் இருக்கவில்லை. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சூழ நின்ற எளிய மக்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்கழி முதலாம் நாள் அதே கிரேச்சோவிலிருந்து மடல் வரைந்து, குடும்பங்கள் தாமே குடில் அமைக்கும் வழக்கத்தைப் பேணுமாறு ஊக்கமளித்தார். முன்னர் நமது பிள்ளைகள் சிரட்டையில் நெல் முளைக்கவிட்டு வயல் அமைத்தார்கள்; கடதாசியைக் கசக்கிக் கரி பூசி மலை செய்தார்கள். அந்தக் குடிலுக்கு முன்னால் முழந்தாளிட அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் வாங்கிய குடிலை விற்றவர் அறிவார், வாங்கியவர் அறிவார். பிள்ளையின் கை அதில் படுவதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தீவனத் தொட்டியையும் இடையர்களையும் நாம் அறிவோம். அதன் பின் வரும் ஒரு நிகழ்வை விரைவாகக் கடந்துவிடுகின்றோம். குழந்தையை எருசலேம் ஆலயத்தில் ஒப்புக்கொடுக்கச் சென்ற மரியாவும் சூசையப்பரும், புறாக்களைக் காணிக்கையாகக் கொண்டுவரும் முறையையே பின்பற்றினார்கள். ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் செலுத்த வேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்றவர் இரண்டு புறாக்களைச் செலுத்தலாம் என்று லேவியர் நூலின் 12ஆம் அதிகாரம் இரங்கியிருந்தது. திருக்குடும்பம் ஏழைகளின் காணிக்கையை வெட்கமின்றி ஏந்திச் சென்றது. பிறர் என்ன சொல்வார்களோ என்று சூசையப்பர் கடன்பட்டு ஆடு வாங்கவில்லை. ஆட்டுக்குட்டி இல்லாத அந்தக் கைகளில் உலகின் பாவம் போக்கும் செம்மறி தவழ்ந்துகொண்டிருந்தது.

குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, உங்கள் இயலுமைக்குள் நத்தாரைக் கொண்டாட வெட்கப்படாதீர்கள். பிள்ளைகளிடம் வீட்டின் நிலையை அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாய் விளங்கிக்கொள்வார்கள். வசதி படைத்தவர்களே, பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண்கள் உங்கள் ஊரிலேயே உள்ளனர்; முதலில் அவர்களிடம் வாங்குங்கள். ஏழைப் பெண்பிள்ளைகளின் வீட்டுக்குள் இரவில் பொற்காசு எறிந்து மறைந்தார் என்று மரபு கூறும் மீரா நகர் ஆயர் புனித நிக்கலாசே நத்தார் தாத்தாவின் முன்னோடி. அவரைப் போல் பெயர் தெரியாமல் கொடுங்கள். கொடுத்ததைப் படம்பிடித்துப் பரப்பாதீர்கள்.

பங்குச் சமூகங்களும் தம்மை ஆராய்ந்து பார்க்கட்டும். நமது கரோல் குழுக்கள் கடித உறையின் கனத்தைப் பாராது எல்லா வாசல்களிலும் ஒரே பாடலை ஒரே நீளத்திற்குப் பாடுகின்றனவா? குடில் போட்டிக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியேனும் பங்கில் அடைவு வைத்த ஒரு தாயின் நகையை மீட்க உதவுமா?

பாலன் பிறந்த இரவில் பெத்லகேமில் இடமில்லாமற் போனது ஓர் ஏழைக் குடும்பத்திற்கே. இவ்வாண்டு நமது பங்குகளில் எந்தக் குடும்பமும் புத்தாடை இல்லை என்ற காரணத்தால் நள்ளிரவுத் திருப்பலிக்கு வராது வீட்டில் தங்கிவிடாதிருக்கட்டும். அவ்வாறு தங்கக்கூடிய ஒரு குடும்பத்தை நீங்கள் அறிவீர்களாயின், அன்றிரவு அவர்கள் வீட்டுப் படலையைத் தட்டி அவர்களையும் அழைத்துக்கொண்டே ஆலயத்திற்குச் செல்லுங்கள்.