பகல் இரண்டு மணிக்குப் பிறகு: கொத்மலைத் தோட்ட மக்களின் கோரிக்கைச் சாசனம்

ஆம்பிளை என்றால் அடக்கி ஆளவேண்டும், காசும் காரும் இல்லாதவன் ஆளே இல்லை என்று முழங்கும் வீடியோக்கள் எங்கள் பையன்களின் போனில் விடிய விடிய ஓடுகின்றன. உலகளவில் இந்தப் பேச்சின் முகம் அன்ட்ரூ டேட் என்ற முன்னாள் கிக்பொக்ஸிங் வீரர். 2022 ஓகஸ்ட்டில் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், யூடியூப் நான்கும் அவரை வெளியேற்றின. அந்த டிசம்பரில் ருமேனியாவில் கைதானார். ஆட்கடத்தல், வல்லுறவுக் குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். கணக்கை மூடியும் பேச்சு நிற்கவில்லை. அதே பாணியில் தமிழிலும் பேச ஆளுக்குக் குறைவில்லை.

பையன்கள் கெட்டுப்போய் இதைப் பார்க்கவில்லை. சாதாரண தரத்தோடு நின்றவனைப் பாடசாலை தேடவில்லை. கொழும்பில் கடையில் நின்று திரும்பியவனுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. அவனிடம் “எழும்பு, உடம்பைத் தேற்று, உன்னால் முடியும்” என்று முதலில் சொல்பவர் போனுக்குள் இருக்கிறார். முதலில் வருவது நல்ல புத்திதான். பழியைத் தூக்கி அக்கா தங்கச்சி தலையில் போடுவது பிறகு. அதற்கும் பிறகு வருவது பில். ‘பணக்காரனாகும் படிப்பு’ என்று டேட் விற்றதற்கு மாதக் கட்டணம் ஏறக்குறைய 50 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 15,000 ரூபா. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பதினொரு நாள் கொழுந்து.

போனைப் பிடுங்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டத்தை அவுஸ்திரேலியா 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது இங்கே பொருந்தாது. பல காம்பராக்களில் ஒரே ஒரு போன்தான். பிள்ளையின் பாடமும் அதில்தான் வருகிறது. எங்களுக்கு வேண்டியவை வேறு.

முதலாவது, இடம். கவ்வாத்து, புல்வெட்டு போன்ற கணக்கு வேலைக்குப் போகும் ஆண்கள் பகல் ஒன்று, இரண்டு மணிக்கே வீடு திரும்புகிறார்கள். பெண்கள் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில் இளைஞனுக்கு இருப்பது இஸ்தோப்பு, தவறணை, போன். டிவிசனுக்கு ஒரு மைதானமும், மின்விளக்கும் பத்திரிகையும் உள்ள ஒரு வாசிகசாலையும் வேண்டும். “தோட்டக் காணிக்குள் சபைக் காசு போடமுடியாது” என்ற பதில் பழையது. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கிவிட்டது. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் கொத்மலை பிரதேச சபை இதற்குப் பணம் ஒதுக்கட்டும்.

இரண்டாவது, வகுப்பறை. ஒன்பதாம் ஆண்டிலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் பாடவேளையில் மாதம் ஒன்றை, ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, இந்த வீடியோக்களைப் பற்றிப் பேச ஒதுக்கவேண்டும். யார் பேசுகிறார், எதை விற்கிறார், ஒன்றைப் பார்த்தால் அடுத்து அதே மாதிரி பத்து ஏன் வருகிறது? இதைக் கேட்கப் பழக்கப் புதிய கட்டடம் தேவையில்லை. கொத்மலை வலயக் கல்விப் பணிமனையின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த தவணைக்கு முன் அதை அனுப்புங்கள்.

மூன்றாவது, வானொலி. கொத்மலை சமுதாய வானொலி 1989இல் தொடங்கியது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு அங்கே இணையம் வந்தபோது, நேயர்கள் கேட்ட கேள்விக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் பதில் தேடி ஒலிபரப்பினார்கள். ஊரே கூடி இணையம் பார்த்த பெருமை இந்த ஊருக்கு உண்டு. இன்று ஒவ்வொருவனும் கம்பளிக்குள் தனியாகப் பார்க்கிறான். தோட்ட இளைஞர்களே பேசும் ஒரு மணிநேரத் தமிழ் நிகழ்ச்சி வாரந்தோறும் வேண்டும்.

நான்காவது, தொழில். மின்வேலை, குழாய்வேலை, வாகனம் பழுதுபார்த்தல் ஆகிய பயிற்சிகளைத் தொழிற்பயிற்சி அதிகார சபை தமிழ்மொழியில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நடத்தவேண்டும். சான்றிதழ் கையில் இருப்பவனிடம் ‘பணக்காரனாகும் படிப்பு’ எடுபடாது.

ஐந்தாவதைக் கம்பனிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் கேட்கிறோம். எல்லாவற்றிலும் இதுதான் நீண்டகாலம் தள்ளிப்போனது. 1984 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம். ஆனால் மலையில் பெண்கள் நிரை பிடித்துப் பறிக்க, பின்னால் நின்று அதட்டும் கங்காணி பெரும்பாலும் ஆண். சங்கத்தின் சந்தாவில் பெரும்பங்கு பெண்களுடையது, மேடையில் நாற்காலி ஆண்களுடையது. போனில் வரும் பேச்சைப் பையன் புதிதாகக் கேட்கவில்லை என்பதை நாங்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைக் காம்பராவை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இதைப் பார்த்தே வளர்கிறான். கங்காணி வேலையிலும் தோட்டக் கமிட்டிகளிலும் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும். நியமனக் கடிதம் எழுத எத்தனை வருடம்?

ஆறாவது, பேச ஒரு ஆள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் எல்லாப் பிரட்டுக் களத்திலும் தமிழில் ஒட்டப்படவேண்டும். தமிழ் பேசும் உளவளத்துணையாளர் மாதம் இருமுறை தோட்ட டிஸ்பென்சரிக்கு வரவேண்டும், அதுவும் பகல் இரண்டு மணிக்குப் பிறகு.

இந்தச் சாசனம் மேலே சொன்ன எல்லாருக்கும் போகிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதியில் தொடங்கும் என்று ஒரு மாதத்துக்குள் தமிழில் எழுதித் தாருங்கள். வரும் பதிலைப் பிரட்டுக் களத்தில் ஒட்டுவோம். பதில் தராதவர்களின் பட்டியலையும் பக்கத்திலேயே ஒட்டுவோம்.